யார் பக்கத்து இரத்தம்?

சிறுபிள்ளை ஒன்றுக்குச் சலரோகம் என்று வைத்தியசாலையில் சொல்லப்பட்டதும் எமது ஊர்களில் முதலில் எழும் கேள்வி "இனி என்ன செய்வது?" என்பதல்ல. "இது யார் பக்கத்து இரத்தம்?" என்பதே. கேள்வியைக் கேட்பவர் பெரும்பாலும் தகப்பன் வழி உறவினர். பதில் சொல்ல வேண்டியவள் தாய். அவளுடைய அம்மம்மாவுக்குக் கால்விரல் எடுத்த கதையும், அவளுடைய மாமனுக்குக் கண்பார்வை மங்கிய கதையும் அன்றைக்கே தோண்டியெடுக்கப்படும். ஒன்றும் அகப்படாவிட்டால் கர்ப்பகாலத்தில் அவள் தின்ற மாம்பழமும், பிள்ளைக்குக் கொடுத்த கற்கண்டும் குற்றப்பத்திரத்தில் சேர்ந்துவிடும்.

இடம்பெயர்ந்து வாழும் குடும்பங்களில் இந்த விசாரணை இன்னும் கடுமையானது. காணி போய், கிணறு போய், ஒரு கூரையின் கீழ் மூன்று குடும்பங்கள் ஒதுங்கியிருக்கும்போது மனதிலுள்ள கோபத்தை இறக்கி வைக்க ஓர் ஆள் தேவைப்படுகிறது. கையருகே இருப்பவள் மருமகள். பிள்ளையின் நோயைக் காரணங்காட்டி மனைவியைத் தாய்வீட்டுக்கு அனுப்பிய கணவனையும் நாம் கண்டிருக்கிறோம். அனுப்பப்பட்ட அந்தத் தாய்வீடும் ஒரு தற்காலிகக் கொட்டில்தான்.

பரம்பரைக்கு இந்த நோயில் பங்கு உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பங்கு எவ்வளவு, அது எவ்வாறு வேலை செய்கிறது என்பதை அறிந்துகொண்டால் ஒரு தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எவருக்கும் மனம் வராது என்பது எமது உறுதியான எண்ணம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். சலரோகம் என்றதும் எமக்கு நினைவு வருவது நடுத்தர வயதுக்குப் பின் வரும் இரண்டாம் வகை. அதில் இன்சுலின் சுரக்கும். உடல் அதை ஒழுங்காகப் பயன்படுத்தாது. உணவுக் கட்டுப்பாடு, உடலுழைப்பு, குளிசை என்று பல காலம் சமாளிக்கலாம். சிறுபிள்ளைகளுக்குப் பெரும்பாலும் வருவது முதலாம் வகை. இது வேறு நோய் என்றே சொல்லலாம். இரைப்பைக்குப் பின்னால் சதையி என்றொரு சுரப்பி இருக்கிறது. அதிலே சிறுதீவுகளைப் போலச் சிதறிக் கிடக்கும் கலங்கள்தான் இன்சுலினை உண்டாக்குகின்றன. நோயைத் தடுக்க வேண்டிய எமது சொந்த வெண்குருதிக் கலங்களே அவற்றைப் பகையென்று எண்ணி அழித்துவிடுவதுதான் முதலாம் வகை. அழிந்தபின் வெளியிலிருந்து இன்சுலின் ஏற்றாமல் பிள்ளை உயிர் வாழ முடியாது. சீனி தின்றதால் இது வருவதில்லை. குடும்பத்தில் வழிவழியாகத் தொடரும் தன்மை கூடுதலாக உள்ளது இரண்டாம் வகைக்கே. ஆகவே அம்மம்மாவின் கால்விரல் இந்த வழக்கில் சாட்சியாகாது.

அப்படியானால் வெண்குருதிக் கலங்கள் ஏன் தவறுகின்றன? இங்கேதான் பரம்பரை வருகிறது.

எமது ஒவ்வொரு கலத்தினுள்ளும் 23 சோடி நிறமூர்த்தங்கள் உள்ளன. ஒவ்வொரு சோடியிலும் ஒன்று தாயிடமிருந்தும் மற்றது தந்தையிடமிருந்தும் வருவது. அவற்றில் வரிசையாக அமைந்தவை பரம்பரையலகுகள். 6ஆம் நிறமூர்த்தத்தில் எச்.எல்.ஏ. என்று அழைக்கப்படும் ஒரு தொகுதி இருக்கிறது. இந்நோய்க்கான பரம்பரைப் பங்கில் ஏறக்குறையப் பாதி இத்தொகுதியைச் சார்ந்தது. அதன் வேலையை எமது வாசகர்களுக்கு விளக்குவது கடினமல்ல. சோதனைச்சாவடியில் அடையாள அட்டையை நீட்டுவது போல, கலங்களிலிருந்து பெற்ற சிறு புரதத் துண்டுகளை இந்த எச்.எல்.ஏ. மூலக்கூறுகள் ஏந்திக் காட்டுகின்றன. காவல் கலங்கள் அதைப் பார்த்து இது எம்முடையதா, வந்தேறியதா என்று தீர்மானிக்கின்றன. காட்டும் கையின் வடிவம் ஆளுக்கு ஆள் வேறுபடும். சில வடிவங்கள் வைரசு, பற்றீரியா ஆகியவற்றின் துண்டுகளை நன்றாகக் காட்டும். ஆனால் இன்சுலின் கலங்களின் துண்டுகளை, காவற்காரன் குழம்பும் விதத்தில் காட்டிவிடும். முகமூடியணிந்த தலையாட்டி ஒருவன் அப்பாவியின் முன்னால் தலையசைத்தால் என்ன நடக்கும் என்பதை எமது மக்களுக்கு நாம் சொல்லித் தரவேண்டியதில்லை.

டீ.ஆர். 3, டீ.ஆர். 4 என்று பெயரிடப்பட்ட இரு வடிவங்களே இதில் முக்கியமானவை. ஐரோப்பிய வழியினரில் முதலாம் வகை நோய் கண்ட பிள்ளைகளை எடுத்தால் 100 பேரில் 90 பேருக்கு மேல் இவற்றில் ஒன்றாவது இருக்கும். இதைக் கேட்டவுடன் "கண்டுபிடித்துவிட்டார்களே" என்று தோன்றும். ஆனால் நோயில்லாத சாதாரண மக்களிலும் 100க்கு 40 பேரளவில் இவற்றைச் சுமந்துகொண்டு சுகமாக நடமாடுகிறார்கள். இரண்டும் சேர்ந்தே அமைந்த பிள்ளைகள்தாம் ஆபத்துக் கூடியவர்கள். அவர்களிலும் குடும்பத்தில் எவருக்கும் இந்நோய் இல்லையென்றால் 15 வயதுக்குள் நோய் காண்பது 20 பேரில் ஒருவருக்கு மட்டுமே. இவற்றைத் தவிர 11ஆம் நிறமூர்த்தத்தில் இன்சுலின் பரம்பரையலகின் அருகே ஒன்று, 1ஆம் நிறமூர்த்தத்தில் ஒன்று என்று 60க்கு மேற்பட்ட இடங்கள் இன்று அறியப்பட்டுள்ளன. ஒவ்வொன்றும் ஆபத்தைச் சிறிது கூட்டும், அல்லது குறைக்கும். ஆம், குறைப்பவையும் உண்டு. எச்.எல்.ஏ. தொகுதியிலேயே டீ.ஆர். 15 என்ற வடிவத்தோடு வரும் ஒரு வகை, பிள்ளையை இந்நோயிலிருந்து பெரிதும் காக்கிறது.

அப்படியென்றால் இது ஒரு தாயின் இரத்தத்தில் ஒளிந்து வந்த நஞ்சு அல்ல. தாயிடமிருந்து சில, தந்தையிடமிருந்து சில, ஒவ்வொன்றும் தனித்தனியே தீங்கற்றவை, சில வேறு நோய்களிலிருந்து காப்பவையாகவும் இருக்கக்கூடும். அவை ஒரு பிள்ளையில் ஒரு விதமாகச் சேர்கின்றன. அதே பெற்றோரின் அடுத்த பிள்ளையில் வேறு விதமாகச் சேர்கின்றன. முதலாம் வகைச் சலரோகம் கண்ட 10 பிள்ளைகளில் 8 அல்லது 9 பேரின் பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ அந்நோய் இருப்பதில்லை. வம்சாவழியைத் தோண்டுகிறவர்கள் வெறுங்கையோடு திரும்புவது இதனால்தான். அந்த வெறுங்கையைப் பொறுக்க முடியாமற்றான் கற்கண்டுக்குத் தாவுகிறார்கள்.

இன்னொரு கணக்கையும் சொல்லியாக வேண்டும். தாய்க்கு முதலாம் வகைச் சலரோகம் இருந்தால் அவள் பெறும் பிள்ளைக்கு அது வரக்கூடிய வாய்ப்பு 100க்கு 3 அளவில். தந்தைக்கு இருந்தால் 100க்கு 6 அளவில். அண்ணனுக்கோ அக்காவுக்கோ இருந்தால் 100க்கு 5 அல்லது 6. இவை மேற்குநாட்டு மக்களிடையே பெறப்பட்ட கணக்குகள். அம்மக்களிடையே பொதுவான ஆபத்து ஆயிரத்துக்கு 4 பேரளவில். தந்தையின் பங்கு தாயின் பங்கைப் போல இரு மடங்கு என்பதைக் கவனியுங்கள். எமது முற்றங்களில் நடக்கும் விசாரணையோ இதற்கு நேர்மாறாக நடக்கிறது. சலரோகமுள்ள ஆண்பிள்ளைக்குச் சீதனம் பேசும்போது எவரும் வாய் திறப்பதில்லை. ஊசி போடும் பெண்பிள்ளைக்கு "அவள் பெறும் பிள்ளைக்கும் வரும்" என்று கதை கட்டி, வந்த சம்பந்தத்தையும் கலைத்துவிடுகிறார்கள். அவள் பிள்ளைகள் 100 பேரில் 97 பேருக்கு இந்நோய் வராது. கலியாணத்துக்கு முன் இதை மறைக்காமல் இரு வீட்டாரும் பேச வேண்டும் என்பதே எமது கருத்து. பேசும்போது கணக்கைச் சரியாகச் சொல்லிப் பேச வேண்டும். கர்ப்பகாலத்தில் சீனியளவைக் கட்டுப்பாட்டில் வைக்க அவளுக்கு நல்ல வைத்திய கவனிப்பு வேண்டும். அது ஒரு வேலை, தடை அல்ல.

பரம்பரை மட்டும் எல்லாவற்றையும் தீர்மானிப்பதானால், ஒரே முட்டையிலிருந்து பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்த நோய் மற்றவருக்கும் தவறாமல் வரவேண்டும். இருவருக்கும் பரம்பரையலகுகள் ஒன்றே. ஆனால் ஒருவருக்கு நோய் கண்டால் மற்றவருக்கும் வருவது பாதியளவினருக்கே. பல பத்தாண்டுகள் கவனித்திருந்தாலும் எல்லோருக்கும் வருவதில்லை. விவசாயிக்கு இது புதுமையல்ல. ஒரே மூடை விதைநெல்லை இரண்டு வயலில் விதைக்கிறோம். ஒரு வயலில் எரிபந்தம் விழுகிறது, மற்றதில் விழவில்லை. பனி கூடியது, யூரியா கூடியது, தண்ணீர் நின்ற விதம் என்று பல காரணம் சொல்வோம். விதைநெல்லைத் தந்தவனைப் போய் அடிப்பதில்லை.

இந்த உண்மையை மிகத் தெளிவாகக் காட்டிய ஓர் இடம் உலகில் உண்டு. அதன் கதை எமக்கு அந்நியமானதுமல்ல.

பின்லாந்து நாட்டின் கிழக்கு எல்லையில் கரேலியா என்ற பிரதேசம் உள்ளது. 1939 முதல் 1944 வரை நடந்த போர்களின் விளைவாக அதன் பெரும்பகுதி சோவியத் ஒன்றியத்தின் கைக்குப் போனது. 4 இலட்சத்துக்கும் அதிகமான மக்கள், பெரும்பாலும் விவசாயக் குடும்பங்கள், மாடுகளையும் சாய்த்துக்கொண்டு மேற்கே இடம்பெயர்ந்தனர். (1945இல் பின்லாந்து அரசு சட்டமியற்றி அவர்களுக்குக் காணி பகிர்ந்தளித்தது. போர் முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. இதைப் படிக்கும்போது எமக்கு என்ன தோன்றும் என்பதை எழுதாமலே விடுகிறோம்.) இன்று எல்லையின் ஒருபுறம் பின்லாந்து, மறுபுறம் ருஷ்யாவின் கரேலியா. இருபுறத்து மக்களும் இனவழியில் நெருங்கியவர்கள்.

சிறுபிள்ளைகளின் முதலாம் வகைச் சலரோகத்தில் உலகிலேயே முன்னணியில் நிற்பது பின்லாந்துதான். 1990களின் தரவுகளைக் கொண்டு இருபுறத்தையும் ஒப்பிட்ட ஆய்வொன்று 2005இல் வெளிவந்தது. ஆபத்தைக் கூட்டும் எச்.எல்.ஏ. வடிவங்கள் இருபுறத்திலும் ஏறக்குறைய ஒரே அளவில் காணப்பட்டன. ஆனால் பின்லாந்தில் ஒரு இலட்சம் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு 42 பேரளவில் நோய் காண, எல்லைக்கு அப்பால் 7 பேரளவிலேயே கண்டது. ஆறு மடங்கு வித்தியாசம்! இரத்தம் ஒன்றே. வாழ்க்கை வேறு. கிழக்கே பிள்ளைகள் சிறுவயதிலேயே பலவித கிருமிகளோடு பழகி வளர்ந்ததால் அவர்களின் காவல் கலங்கள் நிதானம் கற்றுக்கொண்டன என்று சில ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர்.

பின்லாந்துக்குள்ளேயே இன்னொரு சான்று உண்டு. 1950களின் தொடக்கத்தில் அங்கே ஒரு இலட்சம் பிள்ளைகளில் ஆண்டுக்கு 12 பேரளவில் இருந்த நோய் 2005ஆம் ஆண்டளவில் 60ஐத் தாண்டியது. இரண்டு தலைமுறைக்குள் ஒரு மக்களின் பரம்பரையலகுகள் ஐந்து மடங்கு மாறிவிடமாட்டா. இங்கிலாந்தின் பிராட்போர்ட் நகரில் குடியேறிய ஆசியக் குடும்பங்களின் பிள்ளைகளிடையேயும் இதே நிலை. 1970களின் இறுதியில் ஒரு இலட்சத்துக்கு 3 பேரளவில் இருந்தது, 1990ஐ அண்டியபோது 11க்கு மேல் உயர்ந்து, அந்நாட்டுப் பிள்ளைகளின் அளவை எட்டியது. அவர்களில் பெரும்பான்மையோர் பாகிஸ்தான் வழியினர். வெளிநாடுகளில் பேரப்பிள்ளைகளைக் கொண்டுள்ள எமது குடும்பங்கள் இதையும் தெரிந்திருப்பது நல்லது.

இதைக்கொண்டு வறுமையும் அழுக்கும் நல்லவை என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். நோய் குறைவாகக் காணப்படும் ஏழை நாடுகளில், நோய் என்னவென்று அறியப்படாமலே இறந்துபோன பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

சூழலில் எது தூண்டுகிறது என்பதை ஆராய்ந்துகொண்டே இருக்கிறார்கள். குடலைத் தாக்கும் ஒருவகை வைரசுகள்மேல் சந்தேகம் பலமாக உள்ளது. பசுப்பால்மீதும் நெடுங்காலம் சந்தேகம் இருந்தது. 15 நாடுகளில், இந்நோயுள்ள உறவினரைக் கொண்ட குழந்தைகளுக்கு, பசுப்பாலின் புரதத்தைச் சிறுசிறு துண்டுகளாக உடைத்துச் செய்த மாவைக் கொடுத்துப் பார்த்தார்கள். நோய் குறையவில்லை என்ற முடிவு 2018இல் வெளியானது. ஆகையால் வீட்டு மாட்டின் பாலைக் கொடுத்த தாயையும் வழக்கிலிருந்து விடுவிக்கலாம். தாய்ப்பாலின் சிறப்பு இதனால் குறைந்துவிடாது.

பின்லாந்தில் 1994 முதல், பெற்றோரின் சம்மதத்துடன், பிறந்த குழந்தையின் தொப்புள்கொடிக் குருதியில் எச்.எல்.ஏ. வடிவத்தைச் சோதித்து, ஆபத்துக் கூடிய பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். நோய் வெளிப்படுவதற்குப் பல மாதங்கள், சிலரில் பல வருடங்கள் முன்னரே குருதியில் சில பிறபொருளெதிரிகள் தோன்றுகின்றன என்பது இவ்வாறான ஆய்வுகளால் தெளிவானது. அந்நிலையில் நோயைச் சராசரி இரண்டு ஆண்டளவு பின்தள்ளும் ஒரு மருந்துக்கு 2022இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நல்ல செய்திதான். ஆனால் அதன் விலையை எமது குடும்பங்கள் எட்டிப்பார்க்கவும் முடியாது. "எங்கள் பிள்ளைகளுக்கும் பரம்பரைச் சோதனை செய்விக்கலாமா?" என்று கேட்கும் பெற்றோருக்கு எமது பதில் இதுதான்: இன்றைய நிலையில் அதற்குச் செலவழிக்கும் பணத்தால் பெரிய பயனில்லை. கிராமத்து வைத்தியசாலை ஒவ்வொன்றிலும் குருதியில் சீனியைப் பார்க்கும் சிறு கருவியும் அதற்கான கீற்றுகளும் தடையின்றி இருக்க வேண்டும் என்று கேளுங்கள். அதைக் கேட்க எமக்கு உரிமையுண்டு.

ஒரு விதிவிலக்கு உண்டு. பிறந்து 6 மாதத்துக்குள் ஒரு குழந்தைக்குச் சலரோகம் கண்டால் அது பெரும்பாலும் முதலாம் வகை அல்ல. தனியொரு பரம்பரையலகின் மாற்றத்தால் வருவது. அப்படியான சில குழந்தைகளுக்கு ஊசியை நிறுத்திக் குளிசையால் சுகம் கொடுக்க முடியும். ஆகவே அந்த வயதில் கண்டால் மட்டும் பரம்பரைச் சோதனையைப் பற்றி விசேட வைத்தியரிடம் கட்டாயம் கேளுங்கள்.

கத்தோலிக்கக் குருக்கள் என்ற முறையிலும் சிலவற்றைச் சொல்லவேண்டும். பிறவியிலே பார்வையற்றிருந்த ஒருவனைக் கண்டபோது, இது இவன் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் ஆண்டவரிடம் கேட்டதை யோவான் 9ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அவர் இரண்டையும் மறுத்தார். மறுத்ததோடு நிற்காமல் அவனுக்கு ஆகவேண்டியதைச் செய்தார். எமது மக்களோ இன்னமும் சீடர்களின் கேள்வியிலேயே நிற்கிறார்கள். செய்வினை என்று கழிப்புக் கழிப்பவர்கள் ஒருபுறம், செபக்கூட்டத்தில் கைவைத்துவிட்டு "இனி ஊசி வேண்டாம், விசுவாசம் போதும்" என்பவர்கள் மறுபுறம். இரண்டாவது கூட்டத்தார் எமது ஆலய வளவுகளுக்குள்ளும் வருகிறார்கள் என்பதால் வெளிப்படையாகவே எழுதுகிறோம். முதலாம் வகைப் பிள்ளைக்கு இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களுக்குள் உயிராபத்து வரும். இதில் விசுவாசத்துக்குச் சோதனை வைப்பது கொலைக்கு ஒப்பானது. மருத்துவரை மதிக்கும்படி சீராக் ஞான நூல் 38ஆம் அதிகாரம் சொல்கிறது. அந்த அதிகாரத்தையும் கூட்டங்களில் வாசியுங்கள். பரியாரியாரின் கசாயத்தையும் இன்சுலினுக்குப் பதிலாக வைக்கவேண்டாம்.

1922 தை மாதத்தில் கனடாவின் ரொறன்ரோ நகரில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கே முதன்முதலாக இன்சுலின் ஏற்றப்பட்டது. அதற்கு முன் இந்நோய் கண்ட பிள்ளைகள் மெலிந்து மெலிந்து இறந்தார்கள். அதைக் கண்டுபிடித்தவர்கள் தங்கள் உரிமையைத் தலா ஒரு டொலருக்குப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். எமது நாட்டில் அரசாங்க வைத்தியசாலைகளில் இன்சுலின் இலவசம். 2022இன் பொருளாதார நெருக்கடியில் மருந்துகளுக்கு ஏற்பட்ட தட்டுப்பாட்டை மறந்துவிடக்கூடாது. கிளினிக்குக்குப் போகும்போது முடிந்த அளவு முன்கூட்டியே பெற்றுக்கொள்ளுங்கள்.

பிள்ளையைக் கொல்வது பரம்பரை அல்ல, தாமதம். அளவுக்கு மிஞ்சிய தாகம், அடிக்கடி சலம் போதல், படுக்கையில் சலம் போவதை விட்டிருந்த பிள்ளை திரும்பவும் போகத் தொடங்குதல், நன்றாகச் சாப்பிட்டும் மெலிதல், சலம் போன இடத்தில் எறும்பு மொய்த்தல் இவற்றைக் கண்டால் அன்றைக்கே குருதியைச் சோதியுங்கள். பூச்சி மருந்து கொடுத்துவிட்டு ஒரு கிழமை பார்க்க வேண்டாம். வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்து வேகமாக மூச்செடுத்தல், மூச்சிலே பழுத்த பழத்தின் வாசம் என்பன வந்துவிட்டால் அதை முட்டு என்றோ பேய்க்குணம் என்றோ எண்ணி வீட்டில் வைத்திருக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் ஆபத்து. நடுச்சாமமானாலும் வாகனம் பிடித்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

மின்சாரமில்லாத கொட்டிலில் இன்சுலினை எப்படி வைப்பது என்று பலர் கேட்கிறார்கள். திறக்காத போத்தல்களை வைத்தியசாலையிலோ, அயலில் நம்பிக்கையான ஒருவரின் குளிர்சாதனப் பெட்டியிலோ வைக்கலாம், உறையவிடக்கூடாது. உறைந்தது பழுது. பாவிக்கும் போத்தலுக்கு மண்பானை போதும். பெரிய பானைக்குள் சிறிய பானை, நடுவில் ஈர மணல், காற்றோட்டமுள்ள நிழல். போத்தல் நனையாதபடி மூடியுள்ள டப்பாவில் இட்டு உள்ளே வையுங்கள். கென்யாவில் டகஹாலி அகதி முகாமின் வெப்பநிலையை அளந்து, அதே ஏற்ற இறக்கத்தில், 25 முதல் 37 பாகை வரை, நான்கு கிழமை இன்சுலினை வைத்துச் சோதித்தார்கள். அதன் வலிமை குறையவில்லை என்பது 2021இல் வெளியான முடிவு. திறந்து நான்கு கிழமைக்குப் பின் மிஞ்சியதை எறிந்துவிடுங்கள். வெயிலில் நிறுத்திய சைக்கிளின் பையில் மட்டும் வைத்துவிட வேண்டாம்.

மறுபடி எழும்ப வேண்டி வந்தால், அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் இருக்கும் அதே பையில் இன்சுலின், ஊசிகள், கிளினிக் கொப்பி மூன்றும் இருக்கட்டும். பையைத் தூக்குபவர் தகப்பனாக இருந்தால் நல்லது. ஊசி போடவும் அவர் பழகிக்கொள்ளட்டும்.